நூறு நாள் கணக்கு: ஒடிந்த எலும்பும் சீனத்துக் கட்டு வைத்தியமும்

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)



சென்ற ஆண்டு துறைகளுக்கு இடையிலான கபடிப் போட்டியில் நம்ம மெக்கானிக்கல் தோற்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கடைசி ரெய்டில் மண்ணைக் கவ்வியது அடியேன்தான் என்பதும் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கவ்வியது மண்ணை மட்டுமல்ல. இடது முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் ஒன்று 'சடக்'கென்று போய்விட்டது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கையைக் கிழிச்சுக் கம்பி வெச்சுருவாங்க" என்று பயமுறுத்தி, வீட்டார் என்னைப் பக்கத்து ஊர்க் கட்டு வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போனார்கள். மூங்கில் பத்தை, துணி, முட்டை வெள்ளைக்கரு. எக்ஸ்ரேயாவது, ஒன்றாவது! "இறுக்கினாத்தான் தம்பி ஒட்டும்" என்று சொல்லிச் சொல்லி இறுக்கினார். அன்று ராத்திரி விரல்கள் உப்பி, நீலம் பாரித்து, தொட்டால் மரத்த மாதிரி ஆகிவிட்டன. வலி மட்டும் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. கத்திரிக்கோலை எடுத்துக் கட்டை நறுக்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: "விடியற வரைக்கும் விட்டிருந்தா கை விளங்காமப் போயிருக்கும்."

பிறகு ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, மாவுக்கட்டு. ஆறு வாரம் வீட்டில் வெட்டியாக இருந்தபோது ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. மரப்பத்தை வைத்துக் கட்டுவது நம்ம ஊரில் மட்டும் உள்ள வழக்கமில்லையே, ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சீனர்களும் அப்படித்தானே கட்டுகிறார்கள்! அவர்களுக்கு மட்டும் கை எப்படித் தப்பியது? அதைத் தேடிப் படிக்கப் போய், அவர்களுடைய மருந்து, சாப்பாடு என்று விஷயம் நீண்டுவிட்டது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எலும்பும் ஒரு ஆர்.சி.சி.தான்

சிவில் நண்பர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். எலும்பு என்பது வெறும் சுண்ணாம்புக் கட்டி அல்ல. அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்த தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார். நசுக்கும் விசையைத் தாங்குவது தாது. இழுக்கும் விசையைத் தாங்குவது நார். கான்கிரீட்டும் கம்பியும் மாதிரியே! சந்தேகம் இருந்தால் கோழிக்கால் எலும்பு ஒன்றை வினிகரில் நாலைந்து நாள் ஊறப்போடுங்கள். சுண்ணாம்பு கரைந்துபோய், எலும்பு ரப்பர் மாதிரி வளையும். கான்கிரீட் போய்க் கம்பி மட்டும் நிற்கிற நிலை அது. (இந்த வினிகரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

ஒடிந்ததும் முதலில் அந்த இடத்தில் ரத்தம் கட்டி, வீங்குகிறது. இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்புமாக ஒரு மெத்தென்ற பாலம் உருவாகிறது. அப்புறம் அதில் தாது படிந்து கெட்டிப்படுகிறது. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். கடைசியில், தேவையில்லாத இடத்தில் இருக்கும் எலும்பைச் செதுக்கித் தேவையான இடத்தில் சேர்க்கும் வேலை மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கில்கூட நடக்கிறது. கவனியுங்கள்: முதலில் நார், பிறகுதான் சுண்ணாம்பு. கம்பி கட்டாமல் கான்கிரீட் போட முடியுமா?

"நரம்பு அடிபட்டு எலும்பு அசைந்தால் நூறு நாள்" என்று சீனாவில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எக்ஸ்ரே இல்லாத காலத்தில், பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்த கியூரிங் பீரியட்! அந்த நூறு நாளையும் அவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் கட்டின ரத்தத்தைக் கலைத்து ஓடவைக்க வேண்டும். அடுத்த சில வாரம் எலும்பைச் சேர்க்க வேண்டும். கடைசியில் ஈரலையும் சிறுநீரகத்தையும் பலப்படுத்த வேண்டும். "சிறுநீரகம் எதற்கு வந்தது?" என்று கேட்பீர்கள். எலும்பை ஆள்வது சிறுநீரகம் என்பது அவர்களுடைய பழைய மருத்துவ நூல்களின் கொள்கை. அந்தக் கொள்கையை இன்றைய உடலியலோடு அப்படியே முடிச்சுப் போடக்கூடாது. ஆனாலும் வைட்டமின் டியை உடம்புக்கு வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் கடைசி வேலையைச் செய்வது சிறுநீரகம்தான் என்று படித்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

மலைமேல் ஒரு துறவி

சீனாவில் எலும்பு முறிவுக்கென்றே எழுதப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல், டாங் வம்ச காலத்தில், ஏறத்தாழ கி.பி. 841-846 வாக்கில், லின் தாவ்ரென் என்ற துறவி தந்தது. மரம் வெட்டப் போன ஒரு கிழவரின் மகன் கீழே விழுந்து கழுத்தும் கையும் முறிந்து கிடக்க, இந்தத் துறவி குணப்படுத்தினாராம். செய்தி பரவிக் கூட்டம் கூடியதும், தொந்தரவு தாங்காமல் வைத்திய ரகசியத்தை அந்தக் கிழவரிடமே எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்துவிட்டாராம். நூலின் முன்னுரையில் வரும் கதை இது. கதை எப்படியோ போகட்டும். உள்ளே இருக்கும் விஷயம்தான் முக்கியம். ஒடிந்த இடத்தை இழுத்து நேராக்கு, மரப்பட்டைப் பத்தை வைத்துக் கட்டு என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டு, விரல் போன்ற மூட்டுகளை அவ்வப்போது மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார். அசையாமல் கிடத்து என்று சொல்லவில்லை!

அதன் பின் வெய் யிலின் என்பவர் 1337-இல் எழுதி முடித்த நூலில், முதுகெலும்பு முறிந்தவரைக் காலில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, உடம்பின் சொந்த எடையாலேயே நேராக்கும் முறை இருக்கிறது. (யாரும் ஹாஸ்டலில் முயற்சி செய்து பார்க்க வேண்டாம்.) 1742-இல் சக்கரவர்த்தி சியான்லுங் ஆணைப்படி தொகுத்த பெரிய மருத்துவக் களஞ்சியத்தில் எலும்பு வைத்தியனின் கைக்கு எட்டு வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அதில் முதல் வேலை என்ன தெரியுமா? தடவிப் பார்ப்பது. தோலுக்கு அடியில் எலும்பு எப்படி நிற்கிறது என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் மற்ற ஏழும்.

ஒரு சென்டிமீட்டர்

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1950-களின் கடைசியில் தியன்ஜின் நகரில் ஃபாங் சியன்ஜி, ஷாங் தியன்யூ என்ற எலும்பு மருத்துவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்கள் அவர்கள். இருந்தாலும் மரபு வைத்தியர்களின் முறையைக் கேலி செய்யாமல் கற்றுக்கொண்டு, எக்ஸ்ரே வைத்துச் சோதித்து, எது உதவும், எது உதவாது என்று பிரித்தார்கள். 1963-இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அவர்கள் உருவாக்கியது சிறு பத்தைக் கட்டு.

மாவுக்கட்டு போட்டால் வழக்கமாக ஒடிந்த இடத்துக்கு மேல் மூட்டையும் கீழ் மூட்டையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தியன்ஜின் முறையில் பல முறிவுகளுக்குப் பத்தை அந்த எலும்பின் நீளத்துக்கு மட்டுமே. மூட்டுகள் திறந்திருக்கும். பத்தைக்குக் கீழே, எலும்பு நழுவப் பார்க்கிற இடத்தில் மட்டும் காகிதத்தால் செய்த சிறு திண்டு வைப்பார்கள். முன்கை என்றால் இரண்டு எலும்புகளும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் நடுவில் அழுத்த ஒரு தனித் திண்டு. நம்ம சென்ட்ரிங்கில் கம்பி ஒட்டாமல் இருக்கக் கவர் பிளாக் வைக்கிறோமே, அதே புத்தி! நோயாளி முதல் சில நாளிலேயே விரலை மடக்கி முஷ்டி பிடிக்கத் தொடங்க வேண்டும். தசை சுருங்கும்போது திண்டில் அழுத்தம் கூடி எலும்பைத் தன் இடத்துக்கே தள்ளும்.

சரி, எவ்வளவு இறுக்குவது? நான் தேடிய விடை இங்கேதான் கிடைத்தது. கட்டிய நாடாவை விரலால் பிடித்துத் தள்ளினால் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் நகர வேண்டும். நகராவிட்டால் இறுக்கம் அதிகம். அதற்கு மேல் நகர்ந்தால் தளர்வு. அதுவும் ஒரு தடவை பார்த்தால் போதாது. வீக்கம் ஏறும்போதும் இறங்கும்போதும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு சென்டிமீட்டர் டாலரன்ஸ். அதை யாராவது அன்றைக்கு என் கையில் பார்த்திருந்தால்!

இறுக்கம் ஏன் ஆபத்து என்பதையும் சொல்லிவிடுகிறேன். முன்கைத் தசைகள் விரியாத உறைக்குள் அடைபட்டவை. உள்ளே வீக்கம், வெளியே இறுக்கமான கட்டு என்றால் அழுத்தம் ஏறி, தசைக்குள் ரத்தம் போவது நின்றுவிடும். சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். பிறகு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கி நின்றுவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன் 1881-இல் இதை விவரித்தார். மாவுக்கட்டிலும் இது வரலாம் என்பதால், எந்தக் கட்டாக இருந்தாலும் கவனம் தேவை.

கொஞ்சம் அசைந்தால் நல்லது என்பதற்கு எஞ்சினியரிங் சாட்சியும் உண்டு. 1860-களில் சூரிச் நகரில் குல்மன் என்ற எஞ்சினியரிங் பேராசிரியர், தொடை எலும்பை நெடுக்காக அறுத்த படத்தைப் பார்த்தார். உள்ளே எலும்பு இழைகள் ஓடிய விதம், தான் ஆராய்ந்த கிரேனின் விசைக் கோடுகளைப் போலவே இருக்கக் கண்டு அசந்துபோனார். அந்தப் பொறியைப் பிடித்துக்கொண்டுதான் பெர்லினில் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் தன் விதியை எழுதினார்: எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. சுமையே இல்லை என்றால் இளைத்துவிடும். ஆக, துறவி சொன்னதும் இவர்கள் சொன்னதும் ஒரே திசையில்தான் போகின்றன.

இப்படிச் சொன்னதால் சிறு பத்தைதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால், மூட்டுக்குள் உடைந்தால், இன்று சீனாவிலும் ஆபரேஷன் தியேட்டர், பிளேட், ஸ்க்ரூ, ராடு என்றுதான் போவார்கள்.

உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து

சீன மருந்துப் பெட்டியில் பெயர்களே சுவாரசியம். 'சூ துவான்' என்றொரு வேர். பொருள், 'அறுந்ததைத் தொடரச் செய்வது'. 'கு சுவே பு' என்பதற்கு 'நொறுங்கிய எலும்பை ஈடுசெய்வது' என்று பொருள். இந்த இரண்டாவதைப் பற்றிப் படித்தபோது தூக்கிவாரிப்போட்டது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணிச் செடியின், ரோமம் படர்ந்த கிழங்கு அது. இனப்பெயர் டிரைனேரியா. நம்ம கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு என்று விற்கிறார்களே, ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்குமே, அதுவும் டிரைனேரியா இனம்தான்! செடி வேறு, குடும்பம் ஒன்று. அங்கே எலும்புக்கு மருந்து, இங்கே முட்டிவலிக்கு சூப்பு.

கு சுவே புவில் உள்ள நரிஞ்சின் என்ற பொருள், சோதனைக் கூடத்தில் எலும்பு செல்களைத் தூண்டுவதாக ஆய்வுகள் உண்டு. ஆனால் செல்லிலும் எலியிலும் நடப்பதெல்லாம் மனிதனிடம் நடக்கும் என்று சொல்ல முடியாது. மனிதர்களிடம் பெரிய அளவில் ஒழுங்காக நடத்திய சோதனைகள் குறைவு. குடித்தால் தப்பில்லை, அதை நம்பி எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு என்பது என் கருத்து.

இன்னொன்று 'இயற்கைத் தாமிரம்' என்ற பெயருள்ள மருந்து. பெயரில்தான் தாமிரம். உண்மையில் அது பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கல். அதைப் பழுக்கக் காய்ச்சி வினிகரில் முக்குவார்கள். ஹீட் ட்ரீட்மென்ட் வகுப்பில் நாம் படிக்கிற குவென்ச்சிங்! எல்லாவற்றையும்விடப் பிரபலம் யுன்னான் பாய்யாவ் என்ற பொடி. 1902-இல் சூ ஹுவான்ஷாங் என்பவர் உருவாக்கியது. சூத்திரம் அரசாங்க ரகசியம். ஆனால் 2013-இல் ஹாங்காங் சுகாதாரத் துறை சோதித்தபோது, லேபிளில் சொல்லாத அகோனைட் நச்சுக்கள் இருப்பது தெரிந்து, திரும்பப் பெறச் சொன்னது. அகோனைட் வேறொன்றுமில்லை, நம்ம வச்சநாபி வகைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொட்டலத்தை வாயில் போடுவது சீனத்துச் சரக்கானாலும் சரி, நம்மூர்ச் சரக்கானாலும் சரி, வேண்டாம். "ரத்தத்தை ஓடவைக்கும்" மூலிகை சாப்பிடுகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ரத்தம் உறையாமல் போனால் யார் பொறுப்பு?

மனசுக்கு வருத்தமான ஒரு விஷயமும் உண்டு. உருவத்தை உருவத்தால் வளர்ப்பது, அதாவது எலும்புக்கு எலும்பு, கண்ணுக்குக் கண் என்பது சீனரின் பழைய நம்பிக்கை. புலி பலசாலி, ஆகவே புலி எலும்பு போட்ட மது நம் எலும்பைப் பலப்படுத்தும்! சீன அரசு 1993-இல் புலி எலும்பு வியாபாரத்தைத் தடை செய்தது. 2018 அக்டோபரில் தடையைத் தளர்த்துவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த மாதமே நிறுத்திவைத்தது. நம் நாட்டுப் புலிகள் கள்ள வேட்டையில் செத்ததற்கு எலும்புச் சந்தையும் ஒரு காரணம். ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் 2005 வாக்கில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை. தாதுக் கணக்கில் பார்த்தால் புலி எலும்பும் மாட்டெலும்பும் ஒன்றுதான் சாமி!

தட்டில் என்ன போடுவது?

எலும்புக்கு எலும்பு என்றதும் சூப்பு ஞாபகம் வந்திருக்குமே. சீனாவில் பன்றியெலும்பு சூப்பு, நமக்கு ஆட்டுக்கால் சூப்பு. நானும் ஆறு வாரத்தில் அண்டா கணக்கில் குடித்தேன். ஆனால் வெறும் தண்ணீரில் எத்தனை மணி நேரம் கொதித்தாலும் எலும்பின் சுண்ணாம்பு லேசில் கரைவதில்லை. 1934-லேயே லண்டனில் மெக்கன்ஸ், விட்டோசன் உள்ளிட்டவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அதே அளவு பாலில் உள்ள கால்சியத்தில் ஒரு சிறு பங்குதான் சூப்பில் தேறும். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 1000.

ஆனால் கான்டன் பகுதிப் பெண்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பிரசவித்தவளுக்குப் பன்றிக்காலை இஞ்சியோடு இனிப்பு வினிகரில் நெடுநேரம் வேகவைத்துத் தருவார்கள். கோழியெலும்புச் சோதனையை நினைத்துப் பாருங்கள். புளிப்பு சுண்ணாம்பை இழுத்து வெளியே கொண்டுவரும்! சீனச் சமையலில் இன்னும் இரண்டு நல்ல பொருள்கள்: ஜிப்சம் போட்டு உறையவைக்கும் சோயாத் தயிர்க்கட்டியான டோஃபு, ஓட்டோடு உலர்த்திய பொடி இறால். டோஃபுவில் புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்தே கிடைக்கும். நமக்கு அதற்குப் பதில் கேழ்வரகு (100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம்), தோல் நீக்காத எள் (1000-க்கும் மேல்), முள்ளோடு தின்னும் நெத்திலி.

எனினும் சுண்ணாம்பையே பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். உடம்பில் ஏற்கெனவே சுமார் ஒரு கிலோ கால்சியம் இருப்பில் இருக்கிறது. முதலில் வேண்டியது கம்பி, அதாவது புரதம். 60 கிலோ எடை உள்ளவருக்குச் சாதாரண நாளிலேயே 50 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பு எத்தனை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்டவனுக்குப் பத்தியம் என்று முட்டை, மீன், கறி எல்லாவற்றையும் நிறுத்துவது இரண்டு நாட்டிலும் உள்ள பழக்கம். சீனர்கள் நண்டு, இறாலைக் 'கிளப்பிவிடும்' உணவு என்பார்கள். முதல் சில நாள் பசி மந்தமாக இருக்கும்போது எண்ணெய்ப் பண்டம் தவிர்த்து, லேசாகக் காய்கறி, மீன் கஞ்சி என்று தருவது நியாயம். மாதக்கணக்கில் பத்தியம் என்றால் கம்பி இல்லாத பில்லர்தான்.

அந்தப் புரத நாரை முறுக்கேற்றுவது வைட்டமின் சி. 1740-44-இல் ஆங்கிலக் கப்பல் தளபதி ஆன்சன் உலகைச் சுற்றியபோது மாலுமிகளுக்குப் பழம், காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோய் வந்தது. ஒரு மாலுமிக்கு ஐம்பது வருஷத்துக்கு முன் ஒடிந்து ஒட்டிய எலும்பு மறுபடி விட்டுப்போனது என்று பயணக் குறிப்பில் இருக்கிறது! தினம் ஒரு கொய்யா, அல்லது ஒரு நெல்லிக்காய் போதும். கொஞ்சம் வெயிலும் படட்டும், வைட்டமின் டிக்கு. அப்புறம், லேப் முடிந்ததும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி ஊதுகிற அன்பர்களே, சிகரெட் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். எலும்பு ஒட்டும் வரைக்குமாவது கைவிடுங்கள்.

கட்டு எங்கே போட்டாலும், முதலில் எக்ஸ்ரே. பிறகு முதல் இரண்டு மூன்று நாள் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மரத்துப்போதல், விரலை நீட்டினால் உயிர் போகும் வலி, நிறமாற்றம் இதில் ஒன்று வந்தாலும் நடுராத்திரி என்று பார்க்காமல் ஓடுங்கள். நாடித்துடிப்பு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது, துடிப்பு இருக்கும்போதே தசை செத்துக்கொண்டிருக்கலாம்.

என் கை? ஃபிட்டிங் ஷாப்பில் வைஸைத் திருப்ப மூன்று மாதம் ஆனது. நூறு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது மினி டிராஃப்டரையும் தாராளமாகப் பிடிக்கலாம். இதையெல்லாம் படித்த கையோடு அம்மாயியிடம் போய், "அடுத்த தடவை சூப்புல வினிகர் ஊத்தி வேகவையுங்க அம்மாயி" என்றேன்.

"வினிகரா? அதென்ன கருமமோ! எலுமிச்சம்பழம் புழிஞ்சு தர்றேன், குடி கண்ணு."

இறக்கின பிறகு பிழிந்தால் சுண்ணாம்பு வராது, வைட்டமின் சி மட்டும்தான் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் டம்ளர் கைக்கு வந்துவிட்டது.